கரண்ட் பாயாத தூண்டில்

ஏரிக்கரை வீடு
7 நவம்பர் 2025

திருகாணிகளின் பேரரசியும், ஓசூர் ஹாஸ்டல் மூன்றாம் மாடியின் முடிசூடிய இளவரசியும், என் ஒரே அக்கா பெற்ற ஒரே மகளுமான லிபியாவுக்கு,

பிரகாசம் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், என் மகனான உன் ஆஸ்டின் மச்சானும், இரண்டு வெள்ளாடுகளும் நலம்.

வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். பங்குச் சாமியார் நம்பமாட்டார். உன் அம்மா பாதியிலேயே எழுந்து உலை வைக்கப் போய்விடுவாள். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் கேட்டுக்கொள்.

"மாமா, மீன் புடிக்கக் கத்துக்கணும், கையில ரெண்டாயிரந்தான் இருக்குது, இன்னா வாங்கறது?" என்று போனில் கேட்டாய். போனில் பொய் சொன்னால் நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. தாளில் அந்தப் பலவீனம் இல்லை. அதனால் நம் ஊர் பஸ் கண்டக்டர் சென்றாயன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் சேர்த்துவிடுவான்.

முதலில் கழி. ஏழடி, கண்ணாடி நார்க் கழி. "கார்பன் இருக்குது மேடம், இறகு மாதிரி லேசு" என்று கடைக்காரன் பல்லைக் காட்டுவான். வேண்டாம். கார்பன் கழி முதல் மீனுக்கே மனமுடைந்து இரண்டாகிவிடும். கண்ணாடி நாரை எருமை மிதித்தாலும் மன்னித்து நிமிர்ந்துகொள்ளும்.

ரீல் உன் உள்ளங்கைக்குள் அடங்கினால் போதும். பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங் என்று பெட்டிமேல் போட்டிருப்பதெல்லாம் என் கதைகளைவிடப் பெரிய கதை. கைப்பிடியைச் சுற்றிப் பார். கரகரக்காமல் சுற்றினால் வாங்கிவிடு. தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, நூறு மீட்டர். முள் சின்னதாக. பெரிய முள்ளில்தான் பெரிய மீன் விழும் என்று நினைப்பவன் சாயங்காலம் வெறுங்கூடையோடு வீடு திரும்புவான். நம் ஏரி ஜிலேபி மீனுக்கு வாய் பத்து பைசா அகலம்தான். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பை நறுக்கிக்கொள். இரைக்குக் காசு கொடுக்காதே. முந்தின நாள் ராகிக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி முள்ளில் குத்து. மீனும் நம் ஊர்க்காரன்தான், களிக்குத்தான் வாய் திறப்பான். மிச்சக் காசில் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்று. இதை மறக்காதே.

இப்போது கதை. நம் ஏரியில் ஒரு விராலரசன் இருக்கிறான். நீளம் சென்றாயன் பஸ்ஸைவிட இரண்டு சீட் அதிகம். கர்நாடகத்திலிருந்து வெள்ளத்தில் எல்லை தாண்டி வந்தவன், இன்னும் ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கரையில் நிற்பவர்களைக் கன்னடத்தில் கூப்பிடுவான். வராவிட்டால் தெலுங்கில் கூப்பிடுவான். தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான் என்றால் போனவர் திரும்பியதில்லை. கரையில் நம் குருசடி இருக்கிறதே, கல்மேடைமேல் சிலுவை, அதற்கு அந்தப் பக்கம்தான் அவன் ராஜ்ஜியம். ஆஸ்டினின் தக்காளித் தோட்டமும் அந்தப் பக்கம்தான். நீ இந்தப் பக்கமே நில். ஐந்து மணிக்குக் கழியை மடக்கு.

ஏரிக்கரைச் சக்கரவர்த்தி,
பிரகாசம் மாமா

*

ஓசூர்
10 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் விராலரசன் கதையைச் சத்தமாகப் படித்தேன். என் அறைத்தோழி சுவேதா சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். "இவரு கம்பெனில இருந்தா ப்ரொடக்‌ஷன் ரிப்போர்ட் இவரத்தான்டி எழுதச் சொல்லுவாங்க" என்கிறாள்.

எதற்கு இந்த ஆசை என்று அம்மா கேட்கிறாள். எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குக் கீழே எள்ளைவிடச் சின்ன திருகாணியைப் பார்க்கிறேன் மாமா. கண்ணை மூடினாலும் அதுவே வருகிறது. தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். தக்கை அசைகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் எனக்கு வேண்டிய வேலை.

கார்பன் கழி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. கண்ணாடி நாருக்கும் அதற்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம். ரப்பர் பூட்ஸ் எதற்கு? நான் என்ன சாக்கடை அள்ளவா வருகிறேன்? அந்தக் காசுக்குக் கார்பனே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.

19-ம் தேதி புதன் எனக்கு வீக்லி ஆஃப். சுவேதாவோடு நாலு மணிக்கு வந்துவிடுவேன். ஐந்து மணிக்கு மடக்கச் சொல்வது அநியாயம். பொழுது சாயும்போதுதான் மீன் கடிக்கும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். விரால் கோரைப்புல்லில்தான் கிடக்குமாம். கோரை மச்சான் தோட்டத்துப் பக்கம்தானே இருக்கிறது? யானை வந்திருக்கிறது என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னால் மட்டும் வரமாட்டேன்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்தினதிலிருந்து என் போனை எடுப்பதே இல்லை.

அன்புடன்,
லிபியா

*

ஏரிக்கரை வீடு
14 நவம்பர் 2025

பிடிவாதத்தின் பேராலயமே, லிபியா,

கார்பன் வாங்கினால் இந்த வீட்டுப் படியேறாதே. அதை விட்டால் நூறு ரூபாய் நான் தருகிறேன், ஆயிரமாகத் தருகிறேன், என் தங்கப் பல்லைப் பிடுங்கித் தருகிறேன். (தங்கப் பல் கிடையாது, உனக்காக வைத்துக்கொள்வேன்.) கண்ணாடி நார். கண்ணாடி நார். கண்ணாடி நார். மீன் போடுவதற்கு இரும்புச் சங்கிலி வேண்டாம், மூங்கில் கூடை கொண்டு வா. பூட்ஸில் ஓட்டை இருந்தால் மாற்றிவிடு.

இங்கே ஒரு துக்கச் செய்தி. இரண்டு ஆட்டில் ஒன்று போய்விட்டது. சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு குருசடியைத் தாண்டியது. விராலரசன் ஆட்டு மொழியும் கற்றுவிட்டான் போலிருக்கிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை, நாலு காலும் விறைத்துக் கிடந்தது. ஆஸ்டின் யாரையும் பக்கத்தில் விடாமல் குழி தோண்டிப் புதைத்தான். நம் வம்சத்தில் வெள்ளாட்டுக் கறியை மண்ணுக்குக் கொடுத்த முதல் ஆள் அவன்தான். "ஏன்டா, அரைக்கிலோவாவது எடுத்து வெச்சிருக்கலாமே?" என்றேன். "பேசாம போ நைனா" என்றான்.

அவன் பேச்சே அவ்வளவுதான் இப்போதெல்லாம். போன வருடமும் இந்த வருடமும் தக்காளி சிவக்கிற வாரத்தில் சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கி, மிதித்து, ரசம் வைத்துவிட்டுப் போனது. இது மூன்றாவது நடவு. பகலெல்லாம் தூங்குகிறான். பொழுது சாய்கிற நேரத்துக்கு நீளமான மூங்கில் கழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போகிறான். மீன் பிடிக்க அல்ல. விடிந்ததும் அதே கழியோடு திரும்பி வருகிறான்.

நீ குருசடிக்கு இந்தப் பக்கம் நில். வீடியோ எடுத்தவனுக்கு நம் ஏரி தெரியாது.

கவலையால் இரண்டு மடங்கு இளைத்த,
பிரகாசம் மாமா

*

ஓசூர்
20 நவம்பர் 2025

மாமா,

நேற்று வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்ல முடியவில்லை, மச்சான் கண்ணில் பட்டுவிடுவாரோ என்று நேராகப் பஸ் ஏறிவிட்டோம். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் படுத்தின பாட்டில் கண்ணாடி நார்க் கழியே வாங்கினேன். பூட்ஸும் போட்டேன், சுவேதா பஸ்ஸில் பூரா என்னை "எஸ்.ஐ. மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஐந்தரை வரைக்கும் குருசடிக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம். ஒரு மீன்கூட இல்லை. கோரைப் பக்கம் 'சளக்' என்று சத்தம் கேட்டது. போய்விட்டோம்.

நான் வீசினது முன்னால் போகவில்லை, பின்னால் போனது. புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம் அது. முள் மச்சான் தோட்டத்து வேலியின் மேல்கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

"இரு, எட்டி எடுத்துர்றன்" என்று சுவேதா கையை நீட்டிக்கொண்டு போனாள்.

நான் அப்போதுதான் கீழே பார்த்தேன். கம்பிக்கடியில் ஒரு கீரி. பல்லைக் காட்டியபடி, ஒரு ஈகூட மொய்க்காமல், அப்போதுதான் செத்தது மாதிரி.

"தொடாதடி!"

"ஏன், கம்பி கடிக்குமா?"

அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன் மாமா. விழுந்தவள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கீரியைக் காட்டினேன். நரம்பை அறுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் திரும்பப் படித்தேன். கழி கண்ணாடி நார். நரம்பு நைலான். தக்கையும் பூட்ஸும் ரப்பர். சங்கிலி வேண்டாம், மூங்கில் கூடை. நான் தினமும் கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். எதில் கரண்ட் பாயும், எதில் பாயாது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் மீன் பிடிக்கச் சாமான் சொல்லவில்லை. சாகாமல் திரும்பி வரச் சாமான் சொல்லியிருக்கிறீர்கள்.

மச்சான் லைன் கம்பியில் மூங்கிலால் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுகிறார். ஆமாமா, இல்லையா? ஒரு சொல் போதும்.

லிபியா

*

ஏரிக்கரை வீடு
22 நவம்பர் 2025

கண்ணு லிபியா,

ஒரே சொல்லில் பதில் சொல்லும் வழக்கம் என் பரம்பரையில் யாருக்கும் இல்லை. ஒரு கதையாகச் சொல்கிறேன்.

ஒரு ராஜாவுக்கு ஒரே மகன். ராணி இல்லை. இளவரசன் இரும்புக் கோட்டை ஒன்றில் காண்ட்ராக்ட் சேவகனாக ஏழு வருடம் நின்றான். ஒருநாள் வாசலில் அவன் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. தோட்டம் போட்டான். ஆயிரம் யானைகள் வந்து தின்றன. (எட்டு.) மறுபடி போட்டான். மறுபடி தின்றன. அப்புறம் இளவரசன் தினமும் பொழுது சாயும்போது வானத்திலிருந்து மூங்கில் ஈட்டியால் நெருப்பைத் திருடித் தோட்டத்தைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தான். ராஜா பார்த்தார். "வேணாம்டா, யாராவது செத்துருவாங்க" என்றார். "அப்ப யானைய நீ வந்து கதை சொல்லித் தொரத்து நைனா" என்றான் இளவரசன். ராஜா வெளியே சொன்னால் இளவரசன் ஜெயிலுக்குப் போவான். ராஜாவுக்கு வேறு யாரும் இல்லை. ஆகவே ராஜா, ஏரியில் ஒரு பூதமீன் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குழந்தைகள் பயந்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். ஆடு சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

பொய் சொல்வது அற்பப் பாவம், ஆறு அருள்நிறை மந்திரத்தில் தீர்ந்துவிடும் என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். பேசாமல் இருப்பதற்கு எத்தனை மந்திரம் என்று சாமியாரைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

நீ வேறு ஏரி பார்த்துக்கொள். தக்காளி பறித்ததும் அவனே கழற்றிவிடுவான். இன்னும் மூன்று வாரம்தான்.

மாமா

*

ஓசூர்
26 நவம்பர் 2025

மாமா,

ராஜா கதை புரிந்தது. நான் வேறு ஏரிக்குப் போய்விடுவேன். நாராயணம்மா எங்கே போவார்? தினமும் அவர் மாடு அந்தக் கோரைக்குத்தானே இறங்குகிறது? பொழுதோடு மாட்டைத் தேடிக்கொண்டு அந்த அம்மாள் வெறுங்காலோடுதானே வருவார்? அவரிடம் கண்ணாடி நார் வாங்கச் சொல்வீர்களா?

நேற்று மச்சானுக்கே போன் செய்தேன். எடுத்தார்.

"கம்பியக் கழட்டிரு மச்சான்."

"எந்தக் கம்பி?"

"எனக்கு எல்லாம் தெரியும். அடுத்த புதன்கெழமக்குள்ள கழட்டலன்னா நான் ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணுவன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"பண்ணு. பண்ணிட்டு மீன் புடிக்க வா. ஏரில நெறைய எடம் இருக்குது."

சின்ன வயதில் முதுகில் உப்புமூட்டை தூக்கின மச்சான் மாமா அது. எனக்குப் போன் செய்யவும் கை வரவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த புதன் வரைதான் பொறுப்பேன். நீங்கள் அப்பா. நீங்கள் சொல்லுங்கள். கதையாக வேண்டாம்.

லிபியா

*

ஏரிக்கரை வீடு
9 டிசம்பர் 2025, காலை

லிபியாவுக்கு,

பட்டம் சூட்ட இன்று நேரமில்லை. எட்டரை பஸ் பிடிக்க வேண்டும்.

போன மாதம் 28-ம் தேதி பொழுது சாய்கிற நேரத்தில் எழுபத்தேழு யானைகள் சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்திறங்கின. தலைவர் யானை தும்பிக்கையில் டார்ச் வைத்திருந்தார். மின்சாரத் தேவதூதர்கள் நாலு பேர் ஏணியோடு வந்து வானத்து நெருப்பை அணைத்தார்கள். கம்பியைச் சுருட்டினால் அது பூமியைச் சுற்றி மூன்று சுற்று வந்தது. ஆஸ்டினைப் பல்லக்கில் ஏற்றினார்கள். இதில் யானையை எடுத்துவிட்டு வனத்துறை என்றும், பல்லக்கை எடுத்துவிட்டு ஜீப் என்றும் போட்டுக்கொள். பத்து நாள் கிருஷ்ணகிரியில் உள்ளே இருந்தான். நேற்று ஜாமீனில் வந்தான். இடையில் யானை வந்து தக்காளியையும் முடித்துவிட்டது. அதில் பொய் இல்லை.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏன் என்று தெரியும். உன் அம்மா உனக்குப் போன் செய்து, "சொந்த மாமன் மகனப் புடிச்சிக் குடுத்துட்டியே, இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று அழுதாளாம். ஊரும் அதையேதான் சொல்கிறது. நீ மிரட்டினாய், வந்துவிட்டார்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கிறது.

உன் அம்மாவிடம் நான் உள்ளதைச் சொன்னேன். "தம்பி, மருமவளக் காப்பாத்தறதுக்கு இப்படியும் ஒரு கதையா?" என்றாள். சாமியாரிடம் சொன்னேன். தோளைத் தட்டி, "நல்ல மனசு பிரகாசம் உங்களுக்கு" என்றார். நேற்று சோறு போட்டுக்கொண்டே ஆஸ்டினிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தான். நீ கேட்டதாக எழுதினாயே, அந்தச் சிரிப்பு.

"நைனா, ஒன் ஆயுசுல நெசம் பேசனது உண்டா? அவளுக்காக இப்ப ஆரம்பிக்கிறியா?"

பிறகு அமைதியாகக் கேட்டான்: "அவ இப்ப எந்த ஷிஃப்ட்?"

"நைட்" என்றேன். அதை உடனே நம்பினான்.

உனக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட் என்று உன் அம்மா சொல்லித் தெரியும். இரண்டு மணிக்கு வெளியே வருவாய். உன் ஹாஸ்டல் எது என்று அவனுக்குத் தெரியாது; கம்பெனி வாசலில், ராத்திரி உள்ளே போகிறவர்கள் வரிசையில்தான் உன்னைத் தேடுவான். அதுவரை உனக்கு நேரம் இருக்கிறது. நேராக ஹாஸ்டல் சிஸ்டரிடம் போ. எல்லாவற்றையும் சொல். யார் கூப்பிட்டாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், வெளியே வராதே. உன் போனை கம்பெனி கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். ஆறு முறை அடித்தேன், மணி மட்டும் போகிறது.

பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். "பேசத்தான் போறன்" என்கிறான். வேலி போட்டபோதும், "பயமுறுத்தத்தான்" என்று சொன்னான். நானும் வருகிறேன் என்றேன். வாசலில் பிடித்துத் தள்ளினான். முழங்கால் பூசணியாகிவிட்டது; பஸ் நிற்கிற இடம்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன், அதற்குமேல் முடியாது. ஆகவே ஒரே பஸ்ஸில் இரண்டையும் அனுப்புகிறேன்: அவனை முன்படியில், இந்தக் கடிதத்தைப் பின்படியில் சென்றாயன் பையில். ஓசூர் வந்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு ஓடச் சொல்லியிருக்கிறேன். சென்றாயன் ஓடக்கூடியவன் அல்ல. ஆனாலும் சொல்லியிருக்கிறேன்.

பஸ் ஹாரன் கேட்கிறது. அவன் கதவைத் திறக்கிறான்.

நான் உனக்கு எழுதியதில் விராலரசன் பொய். ராஜா பொய். எழுபத்தேழு யானையும் தேவதூதர்களும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை, அதைக் கேட்ட ஒருவரும் நம்பவில்லை. நீ போன் செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் என்னை நம்ப முடிந்த ஒரே ஆள் நீதான். அந்தப் போனை நான்தான் செய்தேன், கண்ணு.

பிரகாசம்